பணிக்கு ஆள் எடுக்கும்போது குணத்தை எந்த அளவுக்குப் பார்க்கலாம்?

கல்வித் தகுதியையும் அனுபவத்தையும் மட்டுமே பார்த்து ஆள் எடுக்கிறோம் என்று சொல்லும் நிறுவனங்களிலும்கூட, நேர்காணல் முடிந்து விண்ணப்பதாரர் வெளியே போனதும் குழுவினர் ஒருவரையொருவர் முதலில் கேட்டுக்கொள்வது "ஆள் எப்படி?" என்பதுதான். அதற்கு வரும் பதில்கள் "கலகலப்பாகப் பேசுகிறார்", "கொஞ்சம் அழுத்தமான ஆள் போலிருக்கிறது", "நம்மோடு ஒத்துப்போவாரா என்று சந்தேகமாக இருக்கிறது" என்கிற விதமாக இருக்கும். இவை எந்தப் படிவத்திலும் பதிவாவதில்லை. ஆனால் ஏறத்தாழ ஒரே தகுதியுள்ள இருவரில் யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்பதை இவைதான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. ஆகவே குணத்தைப் பார்க்கலாமா கூடாதா என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிடாமல், எப்படியும் பார்க்கத்தான் போகிறோம் என்ற நிலையில் அதை எப்படி நியாயமாகச் செய்வது என்பதையே இங்கு எழுதுகிறேன். இதற்கென்று தனித் துறையோ நிபுணரோ இல்லாத சிறிய நிறுவனங்களில் ஆள் எடுக்கும் பொறுப்பை ஏற்றிருப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒரு வேலை எந்த நடத்தையைக் கேட்கிறதோ அதை விசாரிக்க வேலை கொடுப்பவருக்கு உரிமை உண்டு. அந்த வேலைக்கு வெளியே அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று தீர்ப்புச் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. இனி வருவன யாவும் இந்த ஒரு நிலைப்பாட்டிலிருந்து பிறப்பவை. இதை நான் வலியுறுத்தக் காரணம், வேலை தேடி வருபவரும் வேலை கொடுப்பவரும் சமமான இடத்தில் இல்லை என்பதே. ஒரு பட்டயப் படிப்பு இல்லை என்று சொல்லி ஒருவரை நிராகரித்தால் அவர் அதைப் படித்துவிட்டு மறுபடியும் வரலாம். கணக்குத் தேர்வில் மதிப்பெண் குறைவு என்றால் விடைத்தாளைக் காட்டச் சொல்லலாம். "உங்கள் சுபாவம் சரிப்படாது" என்ற முடிவுக்கு அவர் எந்தப் பதிலும் சொல்ல முடியாது, பெரும்பாலும் அந்த முடிவு அவர் காதுக்கே எட்டுவதும் இல்லை. அமைதியானவர்களைப் பத்து நிறுவனங்கள் தனித்தனியாக ஒதுக்கினால், யாரும் திட்டமிடாமலேயே ஒரு வகை மனிதர்களுக்கு வேலைச் சந்தையின் கதவு அடைபட்டுவிடுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குணத்தைப் பார்க்கவே மாட்டேன் என்று ஒதுங்கிக்கொள்வதும் அறமாகிவிடாது. தனக்குக் கீழே வேலை செய்பவர்களைப் பலர் முன்னிலையில் அவமானப்படுத்தும் ஒருவரை, திறமைசாலி என்ற ஒரே காரணத்துக்காகக் கொண்டுவந்து வைத்தால், அதன் விலையைக் கொடுப்பவர்கள் ஏற்கெனவே அங்கே வேலை செய்துகொண்டிருப்பவர்கள். குழந்தைகளையோ முதியோரையோ நோயாளிகளையோ பராமரிக்கும் பணியில் பொறுமையற்ற ஒருவரை அமர்த்துவது, தங்களுக்காகப் பேச முடியாதவர்களுக்குச் செய்யும் தீங்கு. ஆள் எடுப்பவர் விண்ணப்பதாரருக்கு மட்டுமல்லாமல் இவர்களுக்கும் கடமைப்பட்டவர்.

குணம் எவ்வளவு தூரம் கணிக்கும்?

அறத்தைப் பற்றிப் பேசும்முன் உண்மை நிலவரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. உளவியலில் இன்று பரவலாக ஏற்கப்படும் வகைப்பாடு, ஆளுமையை ஐந்து பெரும் கூறுகளாகப் பார்க்கிறது: பொறுப்புணர்வு, பிறரோடு கலந்து பழகும் இயல்பு, இணக்கம், மன நிதானம், புதியவற்றை ஏற்கும் மனப்பாங்கு. பாரிக், மவுண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து 1991-இல் வெளியிட்ட முடிவின்படி, எல்லா வகைத் தொழில்களிலும் வேலைத்திறனோடு தொடர்பு காட்டியது பொறுப்புணர்வு ஒன்றுதான். கலந்து பழகும் இயல்பு, விற்பனை, மேலாண்மை போன்ற ஆட்களோடு புழங்கும் பணிகளில் மட்டும் ஓரளவு பயன்பட்டது. ஆனாலும், "கலகலப்பானவர்" என்பதை எந்த வேலைக்கும் பொருந்தும் தகுதியாக எண்ணும் பழக்கம் இன்றும் குறைந்தபாடில்லை.

அந்தப் பொறுப்புணர்வும்கூட எவ்வளவு கணிக்கிறது? சாக்கெட் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2022-இல் பழைய கணக்குகளைத் திருத்தி வெளியிட்டபோது, பொறுப்புணர்வுத் தேர்வுக்கும் பிற்பாடு வேலையில் காட்டும் திறனுக்கும் உள்ள ஒட்டுறவு ஏறத்தாழ 0.19 என்று வந்தது. ஒட்டுறவு 1 என்றால் முழுமையான கணிப்பு, 0 என்றால் தொடர்பே இல்லை. 0.19 என்பதை வர்க்கப்படுத்திப் பார்த்தால், ஊழியர்களுக்கிடையே வேலைத்திறனில் காணப்படும் வேறுபாட்டில் நான்கு விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியைத்தான் அது விளக்குகிறது என்று பொருள். அதே தொகுப்பில், எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பெண் போடும் நேர்காணல் 0.42 பெற்று முதலிடத்தில் இருந்தது. மனம்போன போக்கில் உரையாடும் நேர்காணல் பொறுப்புணர்வுத் தேர்வைப் போலவே 0.19 அளவில் நின்றது. அற்பமான கணிப்பை நம்பி ஒருவருடைய பிழைப்பைத் தீர்மானிப்பது அறிவீனம் மட்டுமல்ல, அநியாயமும்கூட. இவ்விஷயத்தில் நியாயமான முறையும் பயனுள்ள முறையும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்திருப்பது நம்முடைய நல்ல காலம்.

விளம்பரத்துக்கு முன்பே எழுத வேண்டியது

முதல் வேலை, விண்ணப்பங்கள் வரத் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அந்தப் பணியிடத்தில் இருப்பவர் எந்தெந்தச் சந்தர்ப்பங்களில் எப்படி நடந்துகொண்டால் வேலை நன்றாக நடக்கும், எப்படி நடந்துகொண்டால் கெடும் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு, அந்த வேலையை இப்போது செய்பவரோடும் அவரோடு தினமும் புழங்குபவர்களோடும் உட்கார்ந்து பேச வேண்டும். "நல்ல குழு மனப்பான்மை", "துடிப்பானவர்", "முதிர்ச்சியுள்ளவர்" போன்ற சொற்களை இந்தத் தாளில் எழுதாதீர்கள். அவற்றைப் படிக்கும் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒருவரின் முகத்தை நினைத்துக்கொள்வார்கள்; பொதுவான அளவுகோல் என்ற ஒன்று அதோடு இல்லாமல் போய்விடும்.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்ப்போம். வெளியிலிருந்து வரும் பில்களைச் சரிபார்த்துப் பணம் விடுவிக்கும் கணக்கர் ஒருவர் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் எல்லாரும் "நேர்மையானவராக இருக்க வேண்டும்" என்கிறார்கள். நேர்மையை நேர்காணலில் அளக்க வழியில்லை, "நீங்கள் நேர்மையானவரா?" என்று கேட்டால் இல்லை என்று யாரும் சொல்லப் போவதில்லை. எனவே அந்த நாற்காலியில் நேர்மை என்னவாக வெளிப்படும் என்று யோசிக்க வேண்டும். மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் ஆவணம் இல்லாமல் பணத்தை விடுவிக்காமல் இருப்பது, மறுக்கும்போது காரணத்தைச் சொல்லி வேறு வழியைக் காட்டுவது, தன் பிழை தெரிந்த உடனே பிறர் கண்டுபிடிக்கும் வரை காத்திராமல் தெரிவிப்பது ஆகிய மூன்றும் அந்தத் தாளில் வரும். இனி இவற்றுக்குக் கேள்வி அமைக்கலாம்: "மாதத்தின் கடைசி நாள் மாலை. துறைத் தலைவர் உங்களிடம் வந்து, ஓர் ஒப்பந்ததாரருக்கு இன்றே பணம் போயாக வேண்டும், பொருள் வந்து சேர்ந்ததற்கான சீட்டு நாளைக்கு வந்துவிடும் என்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?"

கேள்வியோடு மதிப்பெண்ணுக்கான விளக்கத்தையும் அப்போதே எழுதிவிட வேண்டும். பணத்தை நிறுத்திவைத்து, கிடங்கைத் தொலைபேசியில் அழைத்துப் பொருள் வந்ததா என்று விசாரிப்பேன், விதிவிலக்குக்கு அதிகாரம் உள்ளவரின் எழுத்து ஒப்புதலைக் கேட்பேன் என்ற விதமான பதிலுக்கு ஐந்து. விதி இடம் தராது என்று மறுத்துவிட்டு அதோடு நின்றுவிடும் பதிலுக்கு மூன்று. பெரியவர் சொல்கிறார் என்பதால் விடுவித்துவிட்டுச் சீட்டை மறுநாள் வாங்கிக்கொள்வேன் என்ற பதிலுக்கு ஒன்று. இங்கே கவனிக்க வேண்டியது, தயங்கித் தயங்கி மெல்லிய குரலில் பேசுபவரும் ஐந்து வாங்க முடியும், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுபவரும் ஐந்து வாங்க முடியும் என்பதே. இருவருடைய சுபாவமும் வேறு. வேலைக்கு வேண்டிய நடத்தை இருவரிடமும் இருக்கிறது. சுபாவத்தை அளந்திருந்தால் இவர்களில் ஒருவரை இழந்திருப்போம்.

இப்படி எழுதும்போது நான்கு அல்லது ஐந்து நடத்தைகளுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. பட்டியல் நீளும்போது, இருந்தால் நல்லது என்ற அளவிலான ஆசைகள் எல்லாம் தகுதிகளாக மாறிவிடுகின்றன. ஒவ்வொரு வரியையும் பார்த்து, "இது இல்லாவிட்டால் இந்த வேலையில் எது கெடும்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராத வரியை அடித்துவிடுங்கள்.

எழுதிய தாளின் சாரத்தை விளம்பரத்திலேயே வெளியிடுவதும் அறத்தின் ஒரு பகுதி. வேலையின் கடினமான பக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: நாள் முழுவதும் கோபத்தோடு அழைப்பவர்களிடம் பேச வேண்டிய வேலை என்றால் அப்படியே எழுதுங்கள், மணிக்கணக்கில் தனியாக அமர்ந்து தரவுகளைச் சரிபார்க்கும் வேலை என்றால் அதையும் எழுதுங்கள். தன் சுபாவத்துக்கு இது ஒத்துவருமா என்று முடிவெடுக்கத் தகுதியானவர் அந்த விண்ணப்பதாரரே. அந்த முடிவுக்கு வேண்டிய தகவலை அவரிடம் கொடுத்துவிட்டால், நாம் அவரைப் பற்றி ஊகிக்க வேண்டிய தேவை பாதியாகக் குறைகிறது.

"நமக்குப் பொருந்துவாரா?"

ஆள் எடுப்பதில் மிக அதிகமான அநியாயங்கள் மறைந்திருக்கும் இடம் இந்தக் கேள்வி என்பது என் கருத்து. கேட்பவர் யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. எனினும் "நாம்" என்பது ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் பேச்சு வழக்கு, உடை, பொழுதுபோக்கு, படித்த கல்லூரி, வளர்ந்த வீட்டுச் சூழல் இவற்றின் தொகுப்பு. லாரன் ரிவேரா என்ற சமூகவியலாளர், அமெரிக்காவின் முன்னணி வங்கிகள், சட்ட நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவற்றில் ஆள் எடுப்பவர்கள் 120 பேரை நேர்கண்டு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வாளர்கள் தங்களைப் போன்ற ஓய்வுநேர விருப்பங்களும் வாழ்க்கை அனுபவங்களும் பேச்சுப் பாங்கும் உள்ளவர்களை நாடினார்கள் என்றும், பல சமயம் வேலைத்திறனைப் பற்றிய அக்கறையைவிட அது மேலோங்கி நின்றது என்றும் காட்டினார். ஒருவருடைய குடும்பத்தின் வசதியையும் சமூகப் பின்னணியையும் நேரடியாகக் கேட்க வெட்கப்படும் நிறுவனம், ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டு அதே தகவலைப் பெற்றுக்கொள்கிறது.

குணத்தைப் பற்றிய மதிப்பீடு எப்படிப் பாகுபாட்டுக்குத் திரையாக முடியும் என்பதற்கு, ஆன் ஹாப்கின்ஸ் வழக்கைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அது பதவி உயர்வு தொடர்பானது என்றாலும் பாடம் ஒன்றே. ப்ரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்கியல் நிறுவனத்தில் 1982-இல் பங்குதாரர் நிலைக்குப் பரிந்துரைக்கப்பட்ட 88 பேரில் அவர் ஒருவரே பெண். பெரிய ஒப்பந்தங்களைக் கொண்டுவந்திருந்த அவருடைய வேலையில் குறை காணாதவர்கள், அவர் பழகும் விதம் கடுமையாக இருக்கிறது என்றார்கள். இன்னும் பெண்மையோடு நடக்கவும் பேசவும் உடுத்தவும், ஒப்பனையும் நகையும் அணியவும் அவருக்கு அறிவுரை கூறப்பட்டது. அதே கடுமை ஓர் ஆணிடம் இருந்திருந்தால் உறுதி என்று பெயர் பெற்றிருக்கும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-இல் அளித்த தீர்ப்பில், பாலினம் குறித்த இத்தகைய வார்ப்பு எண்ணங்களின் அடிப்படையில் ஒருவரை மதிப்பிடுவதும் பாகுபாடே என்று ஏற்றுக்கொண்டது.

ஆகவே "பொருந்துவார்", "பொருந்தமாட்டார்" என்ற சொற்களை மதிப்பெண் தாளிலிருந்தும் குழுவின் பேச்சிலிருந்தும் விலக்கிவிடுங்கள் என்று சொல்வேன். நிறுவனம் உண்மையாகவே மதிக்கும் பண்புகள் சில இருக்கலாம். பிழையை மறைக்காமல் சொல்வது, பிறர் உழைப்பைத் தன்னுடையதாகக் காட்டாமல் இருப்பது போன்றவை. அவற்றையும் முன்னே சொன்ன முறைப்படி நடத்தையாக எழுதிக் கேள்வியாக்கிவிட்டால், எந்தப் பின்னணியிலிருந்து வந்தவரும் அவற்றில் தேற முடியும்.

நேர்காணல் அறையில்

ஒரே பணிக்கு வரும் எல்லாரிடமும் ஒரே கேள்விகளை, ஒரே வரிசையில், ஏறத்தாழ ஒரே அளவு நேரம் கொடுத்துக் கேட்க வேண்டும். இது உரையாடலை வறட்சியாக்கிவிடுகிறது, ஆளை அறிய முடியாமல் செய்கிறது என்ற குறை அடிக்கடி சொல்லப்படுகிறது. இயல்பாகப் பேசினால் ஆளை அறிந்துகொள்ளலாம் என்ற இந்த நம்பிக்கையை 2013-இல் டானா, டாஸ், பீட்டர்சன் ஆகிய மூவர் சோதித்தார்கள். மாணவர்கள் பிற மாணவர்களைச் சுதந்திரமாக நேர்காணல் செய்து அவர்களுடைய அடுத்த பருவ மதிப்பெண்ணைக் கணிக்க வேண்டும். முந்தைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கணித்தபோது இருந்த துல்லியம், நேர்காணலைச் சேர்த்ததும் குறைந்தது. பதில் சொல்பவர்களில் ஒரு பகுதியினர் கேள்வியோடு தொடர்பே இல்லாத ஒரு விதிப்படி தற்போக்காக ஆம், இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதையும் நேர்காணல் செய்தவர்கள் கண்டுகொள்ளவில்லை, ஆளை நன்கு புரிந்துகொண்டதாகவே உணர்ந்தார்கள்.

குழுவினர் ஒவ்வொருவரும், மற்றவர்களோடு பேசும் முன்னரே தம் மதிப்பெண்ணைத் தனியாக எழுதிவிட வேண்டும். மூத்தவர் முதலில் அபிப்பிராயம் சொல்லக் கூடாது. மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில், விண்ணப்பதாரர் சொன்னதையோ செய்ததையோ அவருடைய சொற்களிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பதில் மிக நன்றாக அமைந்துவிட்டால் மற்றவை எல்லாம் நன்றாகவே தோன்றும். தார்ண்டைக் என்ற உளவியலாளர் 1920-இல் இராணுவ அதிகாரிகளின் மதிப்பீடுகளை ஆராய்ந்து, உடல் தோற்றத்துக்கு உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களே அறிவுக்கும் தலைமைக்கும் நற்குணத்துக்கும் நம்ப முடியாத அளவு உயர்ந்த மதிப்பெண் பெற்றிருப்பதைச் சுட்டிக்காட்டினார். கேள்விக்குக் கேள்வி தனியாக மதிப்பெண் போடுவது இந்த மயக்கத்தை முழுவதும் நீக்காவிட்டாலும் கட்டுக்குள் வைக்கும்.

எல்லாம் முடிந்த பிறகும் குழுவில் ஒருவர் "என்னவோ தெரியவில்லை, ஒட்டவில்லை" என்று சொல்வார். அவரை வாயடைக்க வேண்டாம். அந்த உணர்வுக்குப் பின்னால் உண்மையான ஒன்று இருக்கக்கூடும். அவர் எதைப் பார்த்து அல்லது கேட்டு அப்படி நினைத்தார், அது மதிப்பெண் தாளின் எந்த வரியைச் சேர்ந்தது, இன்னொருவர் அதையே செய்திருந்தால் இதே போல் தோன்றியிருக்குமா என்று நிதானமாகக் கேளுங்கள். "ஆர்வமே இல்லாதவர் போலிருந்தார்" என்று ஒருவர் சொன்னதை இப்படிப் பின்தொடர்ந்தால், அந்த விண்ணப்பதாரர் ஒவ்வொரு பதிலுக்கும் முன் சற்று மௌனமாக இருந்தார், கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்பதில் போய் முடியும். வேலையோ தனியாக அமர்ந்து தரவுகளைச் சரிபார்ப்பது. அந்தக் குறிப்பு தாளில் எந்த வரியிலும் சேராது. எனவே அது முடிவிலும் சேரக் கூடாது. மாறாக, "வரவேற்பறையில் இருந்த பெண்ணிடம் அதட்டிப் பேசினார், உள்ளே வந்ததும் எங்களிடம் பணிவாகப் பேசினார்" என்பது அந்த உணர்வின் மூலமாக இருந்தால், அது கண்ணால் கண்ட நடத்தை. பிறரோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு நேரடியாகத் தொடர்புடையது. அதை எழுதிக்கொண்டு, விண்ணப்பதாரரிடமே அது பற்றி விசாரிக்கலாம்.

ஆட்டிசம் உள்ளவர்கள், திக்கிப் பேசுபவர்கள், கடும் பதற்றம் உடையவர்கள் ஆகியோருக்கு நேர்காணலே வேலையைவிடக் கடினமான தடையாகிவிடுகிறது. கேள்விகளை எல்லாருக்குமே முன்கூட்டி எழுத்தில் கொடுப்பது, பதிலுக்கு யோசிக்க நேரம் தருவது, பேச்சுக்குப் பதில் செய்துகாட்டும் பணி ஒன்றை வைப்பது ஆகியவற்றால் வேலைக்கு வேண்டிய எதையும் விட்டுக்கொடுக்காமலே அவர்களுக்கு வழி திறக்கலாம். செய்துகாட்டும் பணி சில மணி நேரத்துக்கு மேல் நீண்டால் அதற்கு ஊதியம் கொடுக்க வேண்டும். அந்த வேலையின் பயனை நிறுவனம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆளுமைத் தேர்வுகளைப் பற்றி

விலைக்குக் கிடைக்கும் ஆளுமைத் தேர்வுகளை வாங்கும் முன், அது எந்த வேலைகளுக்கு, எவ்வகை மக்களிடம் சோதிக்கப்பட்டது, வேலைத்திறனோடு என்ன தொடர்பு காட்டியது என்பதற்கு எழுத்துச் சான்று கேளுங்கள். சான்று தராமல், "எங்கள் அறிக்கையைப் படித்தவர்கள் எல்லாரும் துல்லியம் என்கிறார்கள்" என்று விற்பவர் சொன்னால் வாங்காதீர்கள். 1948-இல் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தயாரித்தது போல ஒரே குண விவரத்தைக் கொடுத்தார்; அவர்கள் அதன் துல்லியத்துக்கு ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள். மனிதர்களை நான்கெழுத்து வகைகளாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வை ஆள் எடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுபவர்களே கூறுகிறார்கள். கையெழுத்தைக் கொண்டு குணத்தைச் சொல்லும் முறைக்கு மதிப்பளிக்கத்தக்க சான்று எதுவும் இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

தேர்வு நம்பகமானதாகவே இருந்தாலும், அது கேட்கும் கேள்விகளை நீங்களே உட்கார்ந்து ஒருமுறை முழுவதும் எழுதிப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் டார்கெட் கடைகளின் பாதுகாவலர் பணிக்கு வைக்கப்பட்ட உளவியல் தேர்வில், மத நம்பிக்கையையும் பாலியல் நாட்டத்தையும் துருவும் கேள்விகள் இருந்தன. வேலையோடு தொடர்பில்லாத அக்கேள்விகள் விண்ணப்பதாரரின் அந்தரங்க உரிமையை மீறுகின்றன என்று 1991-இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. மனநோயைக் கண்டறிய உருவாக்கப்பட்ட எம்எம்பிஐ என்ற தேர்வை ஒரு நிறுவனம் பதவி உயர்வுக்குப் பயன்படுத்திய வழக்கில், அது மருத்துவப் பரிசோதனைக்குச் சமம், மாற்றுத்திறனாளிகளைப் பாதுகாக்கும் சட்டத்துக்கு முரண் என்று 2005-இல் இன்னொரு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் விண்ணப்பதாரரின் மனநலத்தையும் நம்பிக்கைகளையும் குடும்ப வாழ்க்கையையும் சுற்றுவழியில் அறிய முயல்வது எங்கேயும் தவறுதான்.

தேர்வு வைப்பதென்று முடிவு செய்தால், அதன் நோக்கத்தையும் முடிவை யார் பார்ப்பார்கள் என்பதையும் முன்கூட்டியே தெரிவியுங்கள். அந்த ஒரு முடிவை வைத்து மட்டும் யாரையும் நிராகரிக்காதீர்கள். தம்மைப் பற்றித் தாமே பதிலளிக்கும் தேர்வில், வேலை மிகவும் தேவைப்படும் ஒருவர் எதிர்பார்க்கப்படும் பதிலைச் சொல்லத் தூண்டப்படுவார். உண்மையைச் சொன்னவர் அங்கே பின்தங்கிவிடக்கூடும் என்பது எனக்குப் பெரிய உறுத்தல்.

காணொளியில் முகபாவத்தையும் குரலையும் ஆராய்ந்து ஆளுமையைக் கணிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை நான் முற்றாக எதிர்க்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆள் தேர்வுக்கான மென்பொருள்களை அதிக ஆபத்துள்ளவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. பணியிடத்தில் மனிதரின் உணர்ச்சிகளைக் கணிக்கும் கருவிகளை மருத்துவம், பாதுகாப்புக் காரணங்கள் தவிர்த்துத் தடையே செய்திருக்கிறது. எதற்காக மதிப்பெண் குறைந்தது என்று வாங்கியவருக்கும் தெரியாத, விற்றவரும் விளக்க முடியாத ஒரு முடிவை இன்னொரு மனிதர் மேல் சுமத்த யாருக்கும் தகுதி இல்லை.

பிறர் சொல்வதும், இணையத்தில் கிடைப்பதும்

முன்னாள் மேலதிகாரிகளிடம் விசாரிக்கும்போது "ஆள் எப்படி?" என்று கேட்டால், அவருக்கும் விண்ணப்பதாரருக்கும் இருந்த உறவு எப்படி என்பதுதான் பதிலாகக் கிடைக்கும். நீங்கள் எழுதி வைத்துள்ள நடத்தைகளைப் பற்றியே கேளுங்கள்; நடந்த சம்பவம் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். பாதகமான செய்தி வந்தால், அதை விண்ணப்பதாரரிடம் வைத்து அவர் தரப்பைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது; சொன்னவர் யார் என்பதை மட்டும் வெளியிட வேண்டாம். பராமரிப்புப் பணிகளில் இந்த விசாரணையை எக்காரணத்தாலும் தவிர்க்க வேண்டாம். அங்கே கடந்தகால நடத்தையைவிட நல்ல சான்று வேறில்லை.

சமூக ஊடகப் பக்கங்களைத் துழாவிக் குணத்தை அறிய முயல்வதை விட்டுவிடுவதே மேல். ஒருவருடைய மதம், அரசியல், திருமண நிலை, கர்ப்பம், உடல்நலம் என்று கேட்கக் கூடாத எல்லாவற்றையும் அந்தப் பக்கங்கள் ஒரே பார்வையில் காட்டிவிடும். பார்த்த பிறகு பார்க்காதது போல் முடிவெடுக்க மனித மனத்தால் ஆகாது.

முடிவுக்குப் பிறகு

தேர்வு முடிந்ததும், எந்தெந்தப் பிரிவைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் தேர்வானார்கள் என்ற கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் 1978 முதல் வழக்கில் உள்ள ஒரு வழிகாட்டு விதிப்படி, ஒரு பிரிவினரின் தேர்ச்சி விகிதம், அதிக விகிதம் பெற்ற பிரிவினருடையதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே போனால் அது ஆராயப்பட வேண்டிய அறிகுறி. சிலரை மட்டுமே எடுக்கும் நிறுவனத்தில் எண்ணிக்கை போதாதென்பதால் இந்த விகிதம் பெரிதாக ஏதும் சொல்லாது. ஆயினும் சில ஆண்டுகளின் தேர்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், எந்தக் கேள்வியில் யார் தொடர்ந்து விழுகிறார்கள் என்பது தெரியவரும். அந்தக் கேள்வி வேலைக்கு உண்மையிலேயே தேவையா என்று மறுபடியும் பார்க்கலாம்.

நிராகரிக்கப்பட்டவர் காரணம் கேட்டால் சொல்லுங்கள். "உங்களைவிடப் பொருத்தமானவர் கிடைத்தார்" என்ற வழக்கமான வாக்கியத்தால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. "ஆவணம் இல்லாமல் பணம் கேட்கப்பட்ட சூழ்நிலைக் கேள்வியில், மறுப்பதோடு நின்றுவிட்டீர்கள்; மாற்று வழி சொன்னவருக்கு அதிக மதிப்பெண் கிடைத்தது" என்று சொன்னால், அவர் அடுத்த நேர்காணலுக்கு அதை எடுத்துச் செல்வார். உங்களால் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாத ஒரு காரணம் முடிவில் இடம்பெற்றிருந்தால், கடிதத்தை அனுப்பும் முன் குழுவைக் கூட்டி அந்த முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள்.

மதிப்பெண் தாள்களையும் நேர்காணல் குறிப்புகளையும், முறையீடு வந்தால் பதில் சொல்வதற்கு உங்கள் நாட்டுச் சட்டம் வேண்டும் காலம் வரை மட்டும் பூட்டி வைத்து, பிறகு அழித்துவிட வேண்டும். தேர்வானவருடைய ஆளுமைத் தேர்வு முடிவு அவருடைய புதிய மேலாளரின் கைக்குப் போகக் கூடாது. "இவர் மன நிதானத்தில் குறைவு" என்று படித்துவிட்ட மேலாளர், முதல் வாரத்திலிருந்தே அதை அவரிடம் தேடிக்கொண்டிருப்பார்.